நான்கு ஸ்குரூக்களும் ஓர் அனுமதிக் கடிதமும்

மனித குலத்துக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க எத்தனையோ மகான்கள் பிறந்து, முயன்று, தோற்றுப்போனார்கள். அவர்களால் முடியாததை ஒரே ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டு சாதித்தது, ஓர் ஒலிபெருக்கி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையம். அதன் அருளுக்குப் பாத்திரமானவர்களில் ஒருவர்தான் நம் லிஃப்ட் மெக்கானிக்.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மோட்டார்களுக்குப் பக்கத்திலேயே நின்று ஓய்வு பெற்றவர். அந்த மோட்டார்கள் அவருடைய செவியில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டன. காதுக் கருவி வைத்தால் தலை சுற்றும். கணினியின் இரண்டு ஸ்பீக்கர்களும் மேசைக்கடியில் உள்ள சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்து அலறினால்தான் மகள் பேசுவது அவருக்குப் புரியும். மகள் ஆய்வுக் கப்பலில் பொறியாளர். துறைமுகத்திலிருந்து கணினி வழியாக மட்டுமே பேச வசதி; அந்த ஞாயிறு மாலை நாலு மணிக்குப் பேசிவிட்டுக் கப்பல் ஏறினால் ஆறு மாதத்துக்குத் தொடர்பே கிடையாது.

வியாழக்கிழமை காலை அந்தப் பெட்டி 'உர்ர்ர்' என்று உறுமத் தொடங்கியது. அதை அணைத்தால் மற்ற இரண்டும் ஊமையாகிவிடும்.

தட்டிப் பார்த்ததுமே மெக்கானிக்குக் கோளாறு பிடிபட்டுவிட்டது. "உள்ள எர்த் ஒயர் லூசாயிருக்கு. நாலு ஸ்குரூ, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மனைவியிடம்.

"அப்பக் கழட்டுங்க."

"எழுத்துல அனுமதி இல்லாம எப்படிக் கழட்டறது?"

பெட்டியின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'நிறுவனத்தின் அனுமதியின்றித் திறக்கலாகாது.' கையெழுத்தில்லாமல் ஒரு மூடியைக்கூடத் தொட்டதில்லை என்பது அவருடைய முப்பத்தோரு வருடப் பெருமை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட பலர், கையெழுத்து வந்து சேரும்வரை உள்ளேயே நின்றபடி அவருடைய நேர்மையை வியந்திருக்கிறார்கள்.

ஆகவே போன் செய்தார். போனின் ஒலியை முழுதாகக் கூட்டி, அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். 'தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று அறிவித்துவிட்டு நாற்பது நிமிடம் இசை வழங்கினார்கள். பிறகு சேவை அதிகாரி வந்தார்.

"பெட்டியில சத்தம் வருதும்மா."

"சத்தம் வர்றதுக்குத்தானே சார் வாங்கினீங்க?"

இதிலுள்ள நியாயத்தை அவரால் மறுக்க முடியவில்லை.

"செல்போன் பக்கத்துல இருந்தாலும் இப்படி வரும் சார். போனைப் பத்தடி தள்ளி வச்சிட்டு, நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

அவர் போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, பெட்டியின் முன் வந்து அடக்கமாக உட்கார்ந்தார். போன் அங்கே தனியாக என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது குறுஞ்செய்தி வந்திருந்தது: 'வாடிக்கையாளர் பதிலளிக்கவில்லை. குறை தீர்ந்ததாகக் கருதப்படுகிறது.'

வெள்ளிக்கிழமை இரண்டாம் கட்ட 'ஆய்வு' நடந்தது. மின்விசிறியை அணைக்கச் சொன்னார்கள், உறுமல் நிற்கவில்லை. குளிர்பெட்டி, துவைக்கும் இயந்திரம், வாசல் மணி என்று ஒவ்வொன்றாக அணைந்தது. கடைசியாக வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கச் சொன்னார்கள்.

"இப்ப நின்னுடுச்சா சார்?"

"நின்னுடுச்சும்மா."

"வாழ்த்துகள் சார்! குறை உங்க கரண்ட்டுல. எங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு."

பாதி சுற்றிய துணிகளை இயந்திரத்திலிருந்து அள்ளிப் பிழிந்துகொண்டே மனைவி கேட்டாள்: "இவங்களுக்குப் புத்தி இல்லைன்னா, உங்களுக்குமா இல்ல?"

அவர் மேசையில் உட்கார்ந்து, நான்கு ஸ்குரூக்களைக் கழற்ற அனுமதி கோரி முறைப்படி மின்னஞ்சல் எழுதினார். 'ஏழு வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும்' என்று உடனே பதில் வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து அவர் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிறு, மணி நாலு. திரையில் மகள் வந்தாள். வாய் அசைந்தது, அறை முழுக்க உர்ர்ர். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி பேசினாள். உறுமலுக்கு நடுவிலும் பக்கத்தில் நின்ற மனைவிக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கழட்டுங்களேன்!"

"இன்னும் பதில் வரலையே."

மனைவி ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தாள். சீட்டு கிழிந்தது. பழக்கமில்லாத கை, ஒவ்வொரு ஸ்குரூவும் நழுவி நழுவிக் கழன்றது. மூடி திறந்ததும் அவரால் தாங்க முடியவில்லை. குனிந்து, பச்சை ஒயரை இழுத்து முடுக்கினார். உறுமல் நின்றது.

மகளின் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது: "...அவ்வளவுதாம்ப்பா. எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா" என்றார். திரை அணைந்தது.

"என்ன சொன்னா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உடம்பைப் பாத்துக்கச் சொன்னா, வேறென்ன" என்றாள் மனைவி. கழன்ற ஸ்குரூக்களைப் பொறுக்கி மேசைமேல் வைத்துவிட்டு, "அவ சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வரலீங்க" என்றாள்.

ஞாயிறென்றும் பாராமல் உழைக்கும் அந்த மையத்திலிருந்து, கருத்துக் கேட்பதற்காகக் கணினியிலேயே அழைப்பு வந்தது. ஒலி அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"எங்க சேவை எப்படி இருந்துச்சு சார்?"

"நான் பேசினதையெல்லாம் பதிவு பண்ணி வச்சிருக்கீங்களாம்மா?"

"ஒரு வார்த்தை விடாம இருக்கு சார்!" அதிகாரியின் குரலில் பெருமிதம் பொங்கியது.

"அதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க" என்றார் மெக்கானிக். "நாலு மணிக்கு எம்பொண்ணு பேசினது இருந்தா, அதை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."