அப்பாவின் காலும் பண்ணைக் கார் எஞ்சினும்

நீடாமங்கலம் வழி, புதுத்தெரு
26-7-1973, வியாழன்

மரியாதைக்குரிய ரெத்தினம் மாமாவுக்கு, உங்கள் அக்கா ராசம்மாள் மகள் அம்சம் எழுதிக்கொண்டது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், ஆடு எல்லாரும் சுகம். பட்டுக்கோட்டையில் நீங்களும் அத்தையும் உங்கள் லாரியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. எட்டாவதோடு நின்றவள் என்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். காரியம் அவசரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நல்ல சைலன்சர் வேண்டும்.

எதற்கு என்றால், முருகையன் அண்ணன் கார் செய்கிறான். கபீர் பாய் பட்டறையில் யாரோ விட்டுப்போன வெளிநாட்டுப் புத்தகத்தில் ஒரு பந்தயக் காரைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. அதில் எஞ்சின் முன்னால் இல்லை, இருக்கைக்கு முதுகுப் பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. அப்பா கேட்டார், “மாட்டை வண்டிக்குப் பின்னால பூட்டுற ஊரு எங்கடா இருக்கு?” அண்ணன், “பாரம் நடுவுல இருந்தா வளைவுல சாயாதுப்பா” என்றான். “நம்ம ஊருல ஏதுடா வளைவு? நேரா போனா வயலு, திரும்புனா வாய்க்காலு.”

எஞ்சின் பண்ணை நாகேஸ்வர ஐயர் வீட்டுக் கறுப்புக் காருடையது. நிலத்துக்கு உச்சவரம்பு வந்த பிறகு அந்தக் கார் மாட்டுக்கொட்டகையில் செங்கல் மேல் நின்றது, அதற்குள் கோழி முட்டையிட்டது. அண்ணன் போய்க் கேட்டதற்கு ஐயர், “எடுத்துண்டு போ, இடம் காலியானா சரி” என்று சொல்லிவிட்டார். மூன்று மூங்கிலை முக்காலியாக நட்டு, கிணற்று ராட்டினத்தைக் கட்டி எஞ்சினைத் தூக்கினார்கள். மூங்கில் நழுவி அண்ணனுக்கு இடது மணிக்கட்டு பிசகியது. பிஸ்டன் இறுகிக் கிடந்ததால் விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊற்றி, விதைநெல் ஊறப்போட்ட மாதிரி பத்து நாள் ஊறப்போட்டோம். கழற்றிய சாமான்களை நான்தான் நெல் அவிக்கிற அண்டாவில் கழுவினேன். அது அம்மாவுக்குத் தெரியாது. சோற்றில் ஏன் மண்ணெண்ணெய் வாடை என்று ரேஷன் கடைக்காரரை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தாள். தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

போன செவ்வாய் சாயங்காலம் எஞ்சினை அண்ணன் செய்த வண்டிச் சட்டத்தில் மாட்டித் தள்ளிப் பார்த்தோம். அண்ணனுக்குக் கை இன்னும் சரியாகாததால் கியரையும் கிளட்சையும் பார்க்க என்னை உட்கார வைத்தான். என் கால் சரியாக எட்டாது, இருக்கை நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் யாரும் பார்க்கக்கூடாதே என்று முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டிருந்தேன். நாலு பேர் தள்ளினார்கள், எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா, அந்தச் சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். பழைய காரில் சைலன்சர் ஓட்டை. ஐயர் அதை அடைக்கவே இல்லை, ஆட்களை மேய்க்கிற காரியக்காரர் சம்பளம் மிச்சம் என்று அப்பா சொல்வார். சத்தம் கேட்டாலே வயலில் குனிந்தவர்கள் நிமிரமாட்டார்கள், வரப்பில் உட்கார்ந்தவர்கள் எழுந்து துண்டை அவிழ்ப்பார்கள். அதே ஓட்டைக் குழாயைத்தான் அண்ணன் மாட்டியிருந்தான். எஞ்சின் பின்னால் வந்ததால் குழாய் குட்டையாகிச் சத்தம் இரண்டு பங்கு.

தெரு முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

சங்கத்தில் நடவாட்களுக்குத் தலைவி ராமாயி அத்தை, உங்களுக்குத் தெரியும். அந்தக் காருக்கு இனி எவரும் எழக்கூடாது என்று கூலிப் போராட்டத்தில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியவர். “யாரு யாரு எந்திரிச்சது?” என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டார். “நான் வெத்தலை துப்ப எந்திரிச்சேன்.” “நான் கோழியைத் தேடுனேன்.” அப்பா மட்டும் உண்மையைச் சொன்னார். “எனக்கு மனசு உக்காந்துதான் இருந்துச்சு ராமாயி. காலு எந்திரிச்சிருச்சு.” “அப்ப நீ ஏன் நிக்கிறே?” என்று யாரோ பின்னாலிருந்து ராமாயி அத்தையைக் கேட்டார்கள். அதில்தான் அவருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எஞ்சினுக்குக் குரல் மாற வேண்டும், இல்லாவிட்டால் வெண்ணாற்றில் இறக்கிவிட வேண்டும் என்று தீர்ப்பு. அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்பா யார் முகத்தையும் பார்ப்பதில்லை, தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. லாரி சைலன்சராக இருந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். அம்மன் உங்கள் சக்கரத்துக்குக் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்சம்

பி.கு.: இன்று திங்கள். கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. தபால்பெட்டி டீக்கடையைத் தாண்டி இருக்கிறது, அங்கே எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதனால் போகவில்லை. மன்னிக்கவும். சைலன்சர் வேண்டாம்.

நேற்று எஞ்சினை ஆற்றில் இறக்க எல்லாரும் வந்தார்கள். தூக்க முடியவில்லை. ஓட்டிக்கொண்டே போய்த் தள்ளலாம் என்றார்கள். அண்ணன் கை வீங்கியிருந்ததால் நான்தான் ஓட்டினேன். ஆற்றங்கரைச் சாலையில் முன்னால் நாகேஸ்வர ஐயர் குடையோடு போய்க்கொண்டிருந்தார். பின்னால் சத்தம் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி, குடையை மடக்கி நின்றார். எனக்குப் பிரேக் எட்டவில்லை, நிற்காமலே அவரைத் தாண்டிப் போய் ஒரு நாணல் புதரில் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் வந்த ராமாயி அத்தை, ஐயர் மடக்கிய குடையைப் பார்த்துவிட்டு, “வண்டியைத் திருப்புங்கடா” என்றார்.

இன்று காலையிலிருந்து புதுத் தீர்ப்பு. தினமும் எஞ்சினை ஓடவிட வேண்டும், தெருவே உட்கார்ந்து பழக வேண்டும். அப்பா இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

சைலன்சருக்குப் பதில், முதுகுக்கு வைக்க ஒரு தடித்த இலவம்பஞ்சுத் தலையணை அனுப்பவும். இந்தக் கடிதத்தை நானே காரில் போய்ப் போடப்போகிறேன். டீக்கடைக்காரர்களை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்ல அண்ணன் முன்னாலேயே போயிருக்கிறான்.