கடைசி இடம் அவருடைய பங்கு

தோற்பதில் மரதன் அண்ணையை வெல்ல யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் உள்ள அவருடைய ஊரில் ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் மரதன் என்ற நெடுந்தூர ஓட்டம் ஒன்று வைப்பார்கள். மீசை முளைத்த நாள் முதல் அவர் அதில் ஓடுகிறார். மீசை நரைத்த பிறகும் ஓடுகிறார். இடம்பெயர்ந்து ஊரே இல்லாமல் இருந்த வருடங்களைத் தவிர ஒரு வருடமும் விட்டதில்லை. கடைசி இடத்தை ஒரு வருடமும் வேறொருவருக்குக் கொடுத்ததும் இல்லை.

முதலாவதாக வந்தவன் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழும்பி வந்து பார்த்தால், அப்போதுதான் சந்தி வளைவில் அவருடைய வெள்ளைத் தொப்பி தெரியும். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் தோடம்பழத் தண்ணி வைக்க ஒரு மேசை போட்டிருப்பார்கள். மரதன் அண்ணை வந்த பிறகுதான் அந்த மேசையைத் தூக்கலாம். ஊரில் ஒருவரும் எழுதி வைக்காத சட்டம் அது. விழா முடிந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. "மரதன் வந்திட்டாரோ?" என்றுதான் கேட்பார்கள்.

அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொடிகாமம் சந்தையில் மூட்டை தூக்கினேன், குருநகரில் வலை இழுத்தேன், லொறியில் கிளீனராகப் போனேன். ஒரே இடத்தில் இரண்டு பொங்கல் கண்டதில்லை. வெங்காயம் கிண்டும் காலத்தில் வேலை கேட்டு அவருடைய தோட்டத்துக்குப் போனபோது அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, ஓடுவீரோ?"

"ஓடித்தான் திரியிறன் அண்ணை."

"அப்ப நில்லும்."

தண்ணீர் இறைக்கும் மோட்டர் கொட்டிலில் எனக்கு இடம் தந்தார்கள். கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். மூன்றாவது இடத்தில் பாயைப் போட்டால் சுகம்.

வைகாசியில் ஒருநாள் விடியற்காலை, பயிற்சிக்காக ஓடிக்கொண்டிருந்தவரை ஒரு நாய் துரத்தியது. வாழ்நாளில் முதன்முறையாக மரதன் அண்ணை வேகமாக ஓடினார். அன்றைக்குத்தான் அவருடைய குதிக்கால் நரம்பு அறுந்தது. யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்ததுபோல் இருந்ததாம். பால்காரரின் சைக்கிள் கரியரில் ஏறி வீட்டுக்கு வந்தார். கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது. முகத்தில் மட்டும் மாப்பிள்ளைக் களை.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.

"என்னப்பா நடந்தது?"

"நாயை முந்திட்டனப்பா."

"நாய் எங்கை?"

"அது பின்னுக்கு வருது."

உண்மையிலேயே வந்தது. படலைக் கதவுக்கு வெளியே நின்று வாலை ஆட்டியது. கடிக்க வந்த நாயே இல்லை அது. கூட ஓட ஆசைப்பட்டு வந்த நாய்.

ஆஸ்பத்திரியில் நரம்பைத் தைத்து முழங்கால் வரைக்கும் பிளாஸ்ரர் போட்டு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் வருத்தமாகக் கிடந்தால் ஊரே சுகம் விசாரிக்க வரும். கையில் அப்பிள் இருக்கும், வாயில் ஒரு கெட்ட செய்தி இருக்கும். "எங்கடை பெரியப்பாவுக்கும் உப்பிடித்தான், காலிலைதான் துடங்கினது" என்று ஒருவர் சொன்னார். பெரியப்பா இப்போது எப்படி என்று அக்கா கேட்டார். போன மாசி திவசம் என்றார் வந்தவர். எல்லோரும் கடைசியில் ஒரே சொல்லில்தான் வந்து முடிப்பார்கள்: "பாவம்."

மூன்றாம் நாளே அண்ணை ஒரு சட்டம் கொண்டுவந்தார். "பாவம்" என்று சொன்னவர் ஒற்றைக் காலில் நின்ற பிறகுதான் தேத்தண்ணி குடிக்கலாம்.

"நான் இப்ப ஒற்றைக் காலிலைதான் நிக்கிறன். நீங்களும் நிண்டு பாத்திட்டுச் சொல்லுங்கோ, இது பாவமோ எண்டு."

விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். அவர் விளையாடவில்லை. வேலையிலிருந்து இளைப்பாறிய தலைமை ஆசிரியர் ஒருவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கதிரையைப் பிடித்தார். "பிடிக்கப்படாது மாஸ்ரர்" என்று தடுத்துவிட்டார். கிராமத்தின் பாதிப் பேர் அந்த முற்றத்தில் கொக்குபோல நின்று தேநீர் குடித்தார்கள். சிலருக்கு முழங்கால் நோவு குறைந்தது என்றும் கேள்வி.

காலையில் எழும்பியதும் அவர் நல்ல காலுக்குச் சப்பாத்துப் போடுவார். ஏன் என்று கேட்டேன். "நடந்த விசயம் இந்தக் காலுக்குத் தெரியக்கூடாது தம்பி. தெரிஞ்சால் அதுவும் படுத்திடும்." பிறகு முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்து, ஓடுகிறவர்போல இரண்டு கையையும் வீசத் தொடங்குவார். ஒவ்வொரு கையிலும் ஓர் உரித்த தேங்காய். என் வேலை, பக்கத்தில் நின்று வழி சொல்வது.

"சந்தி வந்திட்டுது அண்ணை."

"ம்."

"வைரவர் கோயில்."

கோயில் வந்ததும் கை வீச்சை நிறுத்திக் கும்பிடுவார். தேங்காயோடுதான் கும்பிடுவார். ஒருநாள் எனக்குப் பசி. கோயிலிலிருந்து நேரே முடிவுக் கோட்டுக்கு வந்துவிட்டேன்.

"தம்பி, பள்ளிக்கூடத்து வளைவு எங்கை?"

"அது... தாண்டிட்டம் அண்ணை."

"நான் தாண்டேல்லை. திரும்பிப் போம்."

திரும்பிப் போனோம். கதிரையை விட்டு அசையாமல் வியர்த்து நனைந்த மனிதரை நான் அங்கேதான் கண்டேன். நான் பட்டினி கிடந்திருக்கிறேன், மழையில் பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன், அதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் இருந்த இடத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஊரைச் சுற்றி வர எனக்குத் தெரியாது.

பிளாஸ்ரர் வெட்டினார்கள். கால் முருங்கைக்காய்போல மெலிந்து வெளியே வந்தது. டொக்டர் அதை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"ஐயா, இந்த வயசிலை நடந்தால் காணும். ஓட்டத்தை மறவுங்கோ."

அடுத்த நாள் காலை அண்ணை சப்பாத்துப் போடவில்லை. அதற்கடுத்த நாளும் போடவில்லை. கதிரையில் இருந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் இரண்டும் காலடியில் கிடந்தன. நாய்கூட வந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. புறப்படலாமா என்றுகூட யோசித்தேன்.

அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து வாசலில் நின்றார். அண்ணையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"பாவம்" என்றார்.

சொல்லிவிட்டு, சீலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். அகப்பையிலிருந்து குழம்பு சொட்டியது. ஊரெல்லாம் அந்தச் சொல்லைச் சொன்னபோது அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணை முதலில் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"காணும், இறக்கும்."

"சப்பாத்தைப் போடுங்கோ, இறக்கிறன்."

"தம்பி, அந்தச் சப்பாத்தை எடும்" என்றார் அண்ணை. "ரண்டையும் எடும்."

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். அண்ணைக்கு அவர் பிசியோப் பிள்ளை. "தண்ணிக்குள்ளை நிண்டு ஓடிப் பழகுங்கோ ஐயா, காலிலை பாரம் விழாது" என்றார் அந்தப் பிள்ளை. "கடல் கிட்டவோ?" என்றும் கேட்டார்.

"கடல் தூரம். கிணறு கிட்ட."

பிள்ளை பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பகிடி இல்லை. அடுத்த நாளே தோட்டக் கிணற்றின் கப்பியில் ஒரு பலகையைக் கட்டி அண்ணையை இறக்கினோம். இடுப்பில் லொறி ரயர் ரியூப், தலையில் வெள்ளைத் தொப்பி. உள்ளே ஓடத் தொடங்கினார். நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து வழி சொன்னேன். "வைரவர் கோயில்" என்றால் கிணற்றுக்குள் கை கூப்புவது தெரியும்.

அது பங்குக் கிணறு. நான்கு தோட்டக்காரருக்கு அதில் பங்கு. இறைப்புக்கு ஆளாளுக்கு முறை நாள் உண்டு. பங்குக்காரர்களில் ஒருவர் உறுதி அம்மான். காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கும் வசனங்களிலேயே எப்போதும் கதைப்பதால் அந்தப் பெயர். எலுமிச்சம்பழம் கேட்டாலும் நான்கு எல்லை சொல்லித்தான் தருவார். அவர் ஒரு காலை குடையோடு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஆரடா உள்ளுக்கை?"

"நான்தான் அம்மான். இண்டைக்கு என்ரை முறை."

"உறுதியிலை தண்ணி அள்ளத்தான் பங்கு. ஓட இல்லை."

"நான் அள்ளேல்லையே. தண்ணி இருந்த இடத்திலைதான் இருக்கு."

அம்மான் யோசித்தார். "கலக்கிறாய்."

"கலக்கப்படாதெண்டு எழுதியிருக்கோ?"

"எழுதேல்லை" என்று அம்மான் ஒத்துக்கொண்டார். நேர்மையான மனிதர். "எழுதாட்டியும், கனகாலம் ஒருத்தன் மறிப்பில்லாமல் ஆண்டனுபவிச்சால் அது அவனுக்கு உரித்தாயிடும். உன்னை ஓட விட்டால் நாளைக்குக் கிணறு ஓட்டப் பாதையாயிடும். அதாலை நான் ஒவ்வொரு நாளும் வந்து மறிப்பன்."

சொன்னபடி ஒவ்வொரு முறைநாளும் வந்தார். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, "மறிக்கிறன்" என்று ஒருமுறை சொல்வார். பிறகு குடையை விரித்து, அண்ணை மேலே வரும்வரைக்கும் இருப்பார். கயிற்றை இழுக்க ஒரு கையும் கொடுப்பார்.

சித்திரை வந்தது. பிசியோப் பிள்ளை காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நடந்து போகலாம், ஓடக்கூடாது என்றார். அண்ணைக்கு அதுவே போதும். ஓட்டம் தொடங்கும் கோட்டில் இளம் பெடியங்களுக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். வேட்டி, வெறும் கால், கையில் குடை. உறுதி அம்மான்.

"நீங்கள் எங்கை?" என்றார் அண்ணை.

"ரோட்டிலை எனக்கும் பங்கிருக்கு."

வெடி வைத்தார்கள். பெடியங்கள் பறந்தார்கள். அண்ணை நடந்தார். பின்னால் அம்மான் நடந்தார். நான் தண்ணீர்ப் போத்தலோடு சைக்கிளில் போனேன். பள்ளிக்கூடத்து வளைவில் அம்மானுக்குப் பக்கத்தில் போய், ஏன் இந்த வேலை என்று மெல்லக் கேட்டேன்.

"விழுந்தால் தூக்க ஒரு ஆள் பின்னுக்கு வேணுமெல்லே" என்றார். "உவனுக்குச் சொல்லிப்போடாதை."

சந்தி வளைவில் வெள்ளைத் தொப்பி தெரிந்தபோது வழுக்கு மரம் ஏறி முடிந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு முட்டிப் பானையும் உடைத்துவிட்டார்கள். மேசை மட்டும் நின்றது. ஊர் கூடியது. கோட்டுக்கு இரண்டடி முன்னால் அண்ணை நின்றுவிட்டார். திரும்பினார்.

"அம்மான், நீங்கள் போங்கோ."

"நீதானே முன்னுக்கு வந்தனி. நீ போ."

"கடைசி இடம் என்ரை பங்கு."

"ஆர் எழுதித் தந்தது?"

"எழுதத் தேவையில்லை. மறிப்பில்லாமல் இவ்வளவு காலமும் ஆண்டனுபவிச்சு வாறன். நீங்கள்தானே சொன்னியள், அது உரித்தெண்டு."

தன் வசனம் தனக்கே திரும்பி வந்ததைக் கேட்டு அம்மான் தலையாட்டினார். ஆனாலும் அவர் அசையவில்லை. அண்ணையும் அசையவில்லை. வெயில் ஏறியது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சாருங்கோ, சோறு ஆறுது."

அம்மான் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் சொன்னார்: "பாவம் பிள்ளை, அந்தக் காலோடை எவ்வளவு தூரம் வந்திட்டான். அவன் முன்னுக்குப் போகட்டும்."

யாரோ பின்னால் இருந்து மெல்லச் சொன்னார்கள். "அம்மான், பாவம் எண்டிட்டியள்."

சட்டத்தில் வாழ்ந்த மனிதர். சட்டத்தை மீறத் தெரியாது. குடையை மடக்கினார். ஊன்றப் போனார்.

"ஊண்டப்படாது" என்றார் தலைமை ஆசிரியர்.

அம்மான் குடையை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஒரு காலைத் தூக்கினார். காற்றில் வாழை ஆடுவதுபோல இந்தப் பக்கம் ஆடினார், அந்தப் பக்கம் ஆடினார். முன்னால் சாய்ந்தார். ஒன்று, இரண்டு என்று தத்திக்கொண்டு போய்க் காலை ஊன்றினார். ஊன்றியது கோட்டுக்கு அந்தப் பக்கம்.

அண்ணை அந்தக் காலைப் பார்த்தார். தொப்பியைச் சரி செய்தார். மிச்சம் இருந்த இரண்டடியை அவர் ஓடினார். நடந்தார் என்று சிலர் சொல்வார்கள். நான் கிட்ட நின்றவன், இரண்டு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டதைக் கண்டவன். பிசியோப் பிள்ளைக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பிறகு மேசையைத் தூக்கினோம். ஒரு பக்கம் அம்மான், மறுபக்கம் நான்.

அந்த வருடம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு நான் புறப்பட்டுவிட்டேன். உடுப்பிட்டியில் கொஞ்ச நாள், மன்னாரில் கொஞ்ச நாள். இப்போதும் எந்த ஊரிலும் எதையும் முடியும்வரைக்கும் இருந்து பார்ப்பதில்லை. ஆனால் சித்திரை பிறக்கப் போகிறதென்றால், எங்கே நின்றாலும் சுன்னாகத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறேன். அம்மானுக்கு வயதாகிவிட்டது, அந்த மேசை பாரம். ஒரு பக்கத்தை நான் பிடிக்காவிட்டால், மரதன் அண்ணை வந்து சேர்ந்துவிட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?