சிறகவரை காய்த்ததும் புறப்படுகிறோம்

அப்பாவையே அதட்டும் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் நான் டாக்டரிடம் ஓடியது ரத்த அழுத்தத்துக்காக என்று அம்மா உன்னிடம் சொன்னாள் அல்லவா? என் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. சிறகவரை விதை கல் மாதிரி இருக்கும் என்பதால் தம்ளரில் ஊறப்போட்டேன். காலையில் அதே தம்ளரை எடுத்து மாத்திரையோடு மடக்கென்று குடித்துவிட்டேன். இரண்டு விதை உள்ளே போய்விட்டது. “முளைச்சுடுமா சார்?” என்று கேட்டேன். “உள்ள வெயில் படாது, தைரியமாப் போங்க” என்றார் டாக்டர். ஊசிக்குக் காத்திருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

மீதி விதைகளைத்தான் பின்கட்டுச் சுவரோரம் நட்டேன். உன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லி நீ போன் செய்தபோது, “செடி வெச்சிருக்கேன், காய் பறிச்சுட்டு வந்துடறோம்” என்று வாயைக் கொடுத்தேன். நீயும் விடவில்லை. “சரிப்பா, முதல் காய் வந்ததும் லாரி அனுப்பறேன், வீட்டைக் காலி பண்ணிடலாம்” என்றாய். அந்த முதல் காய்தான் வந்தபாடில்லை.

கொடி வளராமல் இல்லை. காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதி “முன்னால போ, முன்னால போ” என்று தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு ஆள் நகர்ந்ததில்லை. இது சொல்லாமலே போகிறது. கம்பி கட்டிக் கொடுத்தால் கம்பியை விட்டுவிட்டுக் குழாயைப் பிடித்தது, குழாயிலிருந்து துணி காயும் கயிற்றுக்குத் தாவியது, அங்கே என் பனியனில் ஒரு கை வழியாக நுழைந்து மறு கை வழியாக வெளியே வந்துவிட்டது. கடைசியில் கத்தரிக்கோல் எடுத்து வெட்டித்தான் விடுவித்தோம், பனியனை. கொடியை வெட்ட மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரர் விதைப் பாக்கெட்டின் படத்தில் நாலு பக்கமும் சுருக்கம் வைத்த காயைப் பார்த்துவிட்டு, “இது காயா சார்? ஃப்ரில் வெச்ச கவுன்!” என்றார். அன்று முதல் தினமும், “என்ன சார், கவுன் ரெடியா?” என்று விசாரணை.

பூ இருந்தால்தானே காய்? எலி வந்து கடித்துவிடுமோ என்று சுவரில் ஒரு பல்பு மாட்டி விடிய விடிய எரியவிட்டிருக்கிறேன். அதற்கும் அம்மாவிடம் அர்ச்சனை. “செடிக்கு எதுக்குங்க லைட்டு? அது என்ன பரீட்சைக்கா படிக்குது?” அவள் கஷ்டம் அவளுக்கு. மிக்ஸியைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாள். எதையாவது அரைக்க வேண்டுமென்றால் அவிழ்க்கிறாள், அரைத்ததும் மறுபடி கட்டுகிறாள். “உங்க காய் காய்க்கறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன்” என்றாள். “இப்ப மட்டும் என்னவாம்?” என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்குக் காபி கிடையாது.

ஆகையால் லாரிக்காரரை அவசரப்படுத்தாதே. நம் கையில் என்ன இருக்கிறது? செடி மனசு வைக்க வேண்டும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரன் கன்னத்தில் என் சார்பாக ஒரு முத்தம், மீசை குத்தாமல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே உள்ள எலியை அடித்துவிட்டுப் படி. எலியே கிடையாது. விதை கொடுத்த நர்சரிக்காரம்மா அன்றைக்கே சொன்னார், “ராத்திரி நல்லா இருட்டா இருக்கணும் சார். வெளிச்சம் பட்டா இலையாத்தான் தழைக்கும், பூக்காது.” நீ லாரி என்றாய், நான் பல்பு வாங்கப் போனேன். நர்சரியில் அம்மா தள்ளி நின்று பூந்தொட்டி பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் பல்பு போய்விட்டது. சரி, நம் தில்லுமுல்லு இவ்வளவுதான் என்று அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் நடந்துவிட்டு வந்தால் புது பல்பு எரிகிறது! “அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாங்க” என்றார் தையல்காரர். உள்ளே அவள் கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “என்ன அப்படிப் பாக்கறீங்க?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன். ‘நாம இங்கயே இருந்துடலாமா?’ என்பது நுனிநாக்கு வரை வந்தது. கேட்கவில்லை.