மாதிரி மேஸ்திரி

உலகத்தில் உள்ள எதையும் வேறொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லி, அந்த ஒப்பீடு எந்த இடத்தில் செல்லாமல் போகிறது என்பதையும் தாமே அறிவித்துவிடக்கூடிய ஒரே மனிதர், என் அறிவுக்கு எட்டியவரை, ராஜகீழ்ப்பாக்கத்தில்தான் இருந்தார். அவர் புலவர் அல்லர். வீடு கட்டும் மேஸ்திரி. பெற்றோர் அவருக்கு வைத்த பெயரை எங்கள் தெருவில் ஒருவரும் அறியோம். எல்லோருக்கும் அவர் மாதிரி மேஸ்திரி.

எதிர்வீட்டு மாமியின் சுற்றுச்சுவர் விரிசல் விட்டபோது அவரை அழைத்தார்கள். தடவிப் பார்த்தார்.

"இது உங்க குதிகால் வெடிப்பு மாதிரிம்மா. காஞ்சி போனதால வந்தது. கட்டுனப்ப தண்ணி ஊத்தாம வுட்டுட்டானுங்க."

மாமி வியந்து தலையசைத்தார். விடைபெற்றுப் போன மேஸ்திரி, தெருமுனையிலிருந்து மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காலுக்குத் தேங்காண்ண போடலாம், செவுத்துக்குப் போட்டுறாதீங்க. மாதிரி அதோட முடிஞ்சிது."

மாமி கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

தம்மிடம் வேலை பார்த்த பெண்ணின் திருமணத்தில் அவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "செங்கல்லும் கலவையும் மாதிரி ஒட்டிகினு வாழுங்க" என்றார். கைதட்டல் எழுந்தது. மைக்கைத் திருப்பித் தரவில்லை. "ஆனா செங்கல்லுக்குக் கோவம் வராது, உங்களுக்கு வரும். அந்த எடத்துல இந்த மாதிரி நின்னுடுது. அதுக்கு மேல நீங்களேதான் பாத்துக்கணும்." அன்று வாழ்த்திய பதினோரு பேரில், மணமக்களுக்கு இன்றும் நினைவிருப்பது இவர் பேசியது மட்டும்தானாம்.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில், பதினைந்து ஆண்டு வாடகை வாழ்வை முடித்துக்கொள்ள அப்பா தீர்மானித்தார். சிட்லபாக்கத்துக்கு அருகே, ஏரியை ஒட்டி ஒரு மனை இருப்பதாகத் தரகர் சொன்னார். வீடு கட்டும் பொறுப்பு மாதிரி மேஸ்திரிக்கு என்று முன்பே பேச்சு. இரண்டு மாதங்களாக வேலை இல்லாமல் இருந்த அவர், எங்கள் வீட்டை நம்பித்தான் இருந்தார். மனையைப் பார்க்க அவரும் எங்களுடன் வந்தார்.

சித்திரை வெயிலில் ஏரி வற்றிக் கிடந்தது. மனையின் நடுவே யாரோ கிரிக்கெட் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.

"இது மனை இல்ல சார், தங்கம்!" என்றார் தரகர். "இது காத்தா? ஏசி!"

அப்பாவின் முகம் மலர்ந்தது. மேஸ்திரி மட்டும் நெற்றியைச் சுருக்கினார்.

"தங்கம்னீங்களே, எதுவரைக்கும் சார் தங்கம்?"

"இன்னாய்யா கேள்வி இது? தங்கம்னா தங்கம்தான்!"

"இல்ல சார், எங்கனா ஓர் எடத்துல நிக்கணும்ல?"

"நிக்கவே நிக்காதுய்யா!"

முன்பணம் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. பேசி முடிக்கலாம் என்று தரகர் எங்களை ஒரு டிபன் கடைக்கு அழைத்துச் சென்றார். மேஸ்திரி தம் தட்டில் மூன்று இட்லிகளையும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சார், இது ரயில் ரோடு பக்கம். இது ஸ்கூலு. இது மெயின் ரோடு. எல்லாம் மேடு." ஒரு துண்டைப் பிட்டு நடுக்குழியில் வைத்தார். "இது உங்க வூடு." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "அண்ணா, சாம்பார் ஊத்துங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் வீடு கரைந்தது.

"யோவ், சாரு மனை வாங்க வந்தாரா, இட்லி வாங்க வந்தாரா?" என்று சீறினார் தரகர்.

"கரெக்டு சார். அங்கதான் இந்த மாதிரி நிக்குது. இட்லி ஊறுனா ருசி. வூடு ஊறுனா?"

சட்டைப் பையைத் தொட்டிருந்த அப்பாவின் கை கீழே இறங்கியது.

திரும்பும் பேருந்தில் அப்பா மெதுவாகக் கேட்டார்: "உங்க வேலையும் போச்சே, மேஸ்திரி?"

"ஆமா சார்" என்றார். அதற்கு மட்டும் அவர் எந்த மாதிரியும் சொல்லவில்லை.

அந்தக் கார்த்திகையில் அப்பா ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டம்ப் இருந்த இடத்தில் கொக்கு நின்றதாம்.

பின்னர் கல்லூரியில், உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு எழுதச் சொன்னார்கள். இலக்கணம் கூறியதை எழுதி மதிப்பெண் வாங்கினேன். எழுதாமல் விட்டது இது: உவமை, இரு பொருள்களுக்கும் நடுவே ஓர் இடைவெளியை விட்டுவைத்து, அதன் வழியாக நம்மைப் பார்க்கச் சொல்கிறது. உருவகம் அந்த இடைவெளியைப் பூசி மெழுகிவிடுகிறது. பூசுகிறவர் யார் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஊரப்பாக்கத்தில், நல்ல மேட்டு நிலத்தில், மாதிரி மேஸ்திரியே எங்கள் வீட்டைக் கட்டினார். கிரகப்பிரவேசத்தன்று அப்பா தாம்பாளத்தில் வேட்டி, துண்டு வைத்து அவரிடம் நீட்டினார்.

"மேஸ்திரி, நீங்க இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி."

பழக்கதோஷத்தில் அவர் கேட்டுவிட்டார்: "எதுவரைக்கும் சார்?"

அப்பா எதற்கும் உடனே பதில் சொல்லுகிறவர் அல்லர். தாம்பாளத்தைப் பிடித்தபடியே யோசித்தார். விருந்தினர்கள் நெளியத் தொடங்கும்வரை யோசித்தார்.

"தேடிப் பாத்துட்டேன் மேஸ்திரி. நிக்கற இடம் கிடைக்கல. அந்த 'மாதிரி'ய எடுத்துடறேன்."

மேஸ்திரி வேட்டியை வாங்கிக்கொண்டார். கூடத்தின் கிழக்குச் சுவரருகே போனார். பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, என்றோ பூசி, வெள்ளையும் அடித்து முடித்த அந்தச் சுவர் நேராக இருக்கிறதா என்று, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுவரில் இன்றுவரை நாங்கள் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.