எதிர்க்கட்சி கையெழுத்துப் போட்ட மர மாடி

எங்கள் எதிர்க்கட்சியின் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற சொல் வந்ததைக் கேட்டவர் தூத்துக்குடியில் எவருமில்லை. கயத்தாறு வரை தேடிப்போனாலும் கிடைக்க மாட்டார்கள். அவருடைய கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார், "முழு மனதோடுதானே சம்மதிக்கிறீர்?" என்று கேட்டிருக்கிறார். "இந்த நேரத்துல இத ஏன் கேக்கிய சாமி? யாரும் ஏதும் சொன்னாவளா?" என்றாராம் மாப்பிள்ளை. பெண்வீட்டார் முதல் வரிசையில் எழுந்து நின்றுவிட்டார்கள். மணப்பெண் முழங்கையால் ஓர் இடி இடித்த பிறகுதான், "எதிர்ப்பு ஒண்ணும் இல்ல" என்று இறங்கி வந்திருக்கிறார். சாமியாரும் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மேலே நடத்திவிட்டார்.

அவர் எங்கள் அலுவலகத்தின் தலைமைக் கட்டமைப்புப் பொறியாளர். ஒரு கட்டடம் நிற்குமா, உட்காருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். அந்தக் கையெழுத்து இல்லாமல் எங்கள் வரைபடம் எதுவும் வாசல் தாண்டாது. எதிர்க்கட்சி என்ற பெயர் நான் வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது. "உங்கள எதிர்க்கட்சின்னு சொல்லுதாங்களே அண்ணாச்சி" என்று ஒருநாள் கேட்டேன். "நான் எங்கலே எதுக்கேன்? அதெல்லாம் சுத்தப் பொய்" என்று அதையும் எதிர்த்தார்.

நானோ சென்னையில் படித்து முடித்து, தலைக்குள் ஒரே ஒரு பித்தோடு வந்து இறங்கியவன். ஒட்டு மரப் பித்து. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டு, பெரிய எந்திரத்தில் வைத்து அழுத்தினால் சுவர் அளவுக்குத் தடித்த மரப்பாளம் கிடைக்கும். வெளிநாடுகளில் அதை வைத்துப் பத்து மாடி தாண்டியும் கட்டியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதை அவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

"ஏலே, கரையானுக்கா பத்து மாடி கட்டப்போற?"

"எடை ரொம்பக் குறைவு அண்ணாச்சி. கான்கிரீட்ல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும்."

"அப்போ காத்து அடிச்சா ஆடுமில்லா?"

"மரம் வளரும்போது காத்துலேர்ந்து குடிச்ச கரியெல்லாம் சுவருக்குள்ளயே அடைஞ்சு கெடக்கும். பூமிக்கு நல்லது."

"வெட்டுன மரத்துக்குப் பதிலு மரம் எவன் நட்டான்? அது கப்பல்ல ஏறி இங்கன வந்து சேருத டீசல் எவன் கணக்கு?"

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

சாயங்காலம் டீக்கடையில்தான் கண் திறந்தது. எங்கள் அலுவலகத்தில் படம் வரையும் ரோஸ்லின் சும்மா இருக்க முடியாமல், "மரத்துல வீடு கட்டுததுக்கு ஒரு கோவில்பட்டி தீப்பெட்டிக்குள்ள போயிப் படுத்துக்கிடலாம்" என்றாள். எதிர்க்கட்சி டம்ளரை டக்கென்று வைத்தார்.

"ஏளா, தீக்குச்சியும் தூலமும் ஒண்ணா? தடிச்ச கட்டைல தீப்பிடிச்சா மேல கரியாவும். அந்தக் கரியே போர்வை மாதிரி மூடிக்கிடும். உள்ள கட்டை அப்படியே நிக்கும். இரும்புன்னா சூடேறி வளைஞ்சி எப்பமோ தலைல விழுந்திருக்கும். தெரியாமப் பேசாத."

எனக்கு டீ புரையேறியது. தீயைப் பற்றிக் காலையில் நான் சொல்லச் சொல்ல அவர் தூக்கி எறிந்த வாதம் அது. வார்த்தைகூட மாறவில்லை. இந்த மனிதரிடம் மரத்தைப் பாராட்டக் கூடாது, திட்ட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்த ஞானத்துக்கு உடனே வேலையும் வந்தது. கடற்கரைக்குப் பக்கத்தில் பிலோமினா டீச்சர் ஒரு பெண்கள் விடுதி நடத்துகிறார். நர்ஸுகள், துறைமுக அலுவலகப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள். பழைய இரண்டு மாடிக் கட்டடம். ஒவ்வொரு மழைக்கும் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர் ஏறும். அங்கே இருக்கிற பிள்ளைகள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொரு மழைக்கு இதைப் பார்க்க முடியாது, மேலே மூன்று மாடி எடுத்துக் கீழ்த்தளத்தைக் காலியாக விட வேண்டும், முடியாதென்றால் விடுதியை மூடிவிடுகிறேன் என்று டீச்சர் எங்களிடம் வந்தார்.

தோண்டிப் பார்த்தோம். கடல் மணல், உடனே தண்ணீர். பழைய அஸ்திவாரம் மேலே மூன்று மாடிக் கான்கிரீட்டைத் தாங்காது. இடித்துப் புதிதாகக் கட்டுவதென்றால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? இருப்பதைக் கொஞ்சம் பலப்படுத்திவிட்டு மேலே எடை குறைந்த எதையாவது வைத்தால்தான் உண்டு. நான் ரோஸ்லினைப் பார்த்தேன். ரோஸ்லின் என்னைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மரம் மட்டும் வேண்டாம்" என்றேன்.

"ஏன் வேண்டாம்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரம். அப்படி ஒரு வக்காலத்தை மரம் தன் வாழ்நாளில் கேட்டிருக்காது. பாகங்களைத் தொழிற்சாலையிலேயே அறுத்து, துளை போட்டு அனுப்பிவிடுவார்கள், இங்கே பூட்ட வேண்டியதுதான், வேலை சீக்கிரம் முடியும், தூசி இல்லை, கீழே பிள்ளைகள் குடியிருக்கும்போதே மேலே கட்டலாம், கரையான் மண்ணிலிருந்துதானே ஏறும், நடுவில் இரண்டு மாடிக் கான்கிரீட் இருக்கிறதே! நானும் ரோஸ்லினும் "அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்று மாறி மாறி எண்ணெய் ஊற்றினோம். கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் உருகிப்போய், "ஏலே, நீ சொல்லுதது நூத்துக்கு நூறு சரி" என்று ஒரு போடு போட்டார்.

எதிர்க்கட்சியின் முகம் மாறியது. "எப்படி டீச்சர் சரியாவும்? உப்புக் காத்துல திருகாணி துருப்பிடிக்குமே. மேல ஒரு பிள்ள நடந்தா கீழ உள்ள பிள்ளைக்குத் தூக்கம் போவுமே. பாத்ரூம் ஒழுகுச்சுன்னா மரம் என்னத்துக்கு ஆவும்?"

எதிர்க்கட்சியை ஏலே போட்டுக் கூப்பிட ஊரில் உரிமை உள்ள ஒரே ஆள் டீச்சர்தான். நாலாம் வகுப்பில் அவருக்குப் பாடம் எடுத்தவர். ரெண்டும் ரெண்டும் நாலு என்பதற்கு என்ன ஆதாரம் என்று அன்றைக்கே கேட்டவராம் நம் ஆள்.

அடுத்து வந்த நாட்களில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் ஓர் எதிர்ப்பு சொல்வார், நான் அதற்கொரு மருந்து வரைவேன். திருகாணியெல்லாம் துருப்பிடிக்காத எஃகு, அதுவும் மரத்துக்குள் மறைந்து. குளியலறையெல்லாம் ஒரே மூலையில், ஒழுகினால் உடனே கண்ணில் படும்படி குழாய்கள் வெளியே. தரைக்கடியில் ரப்பர் பட்டை, சாரலுக்கு நீண்ட இறவாரம், கூரையில் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய். "தீரலையா அண்ணாச்சி?" என்றால், "இப்பதான ஆரம்பிச்சிருக்கேன்" என்பார்.

கடைசியில் டீச்சரே ஒரு நிபந்தனை போட்டார். "எம் பிள்ளைய தூங்குத எடம்லே. நெருப்பு விசயத்த நான் கண்ணால பாக்கணும்." ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் ஒரு பொட்டலில், மாதிரிக்கு வந்த ஒட்டு மரத் தூலத்தை வைத்துத் தீ மூட்டினோம். தீ தெரிந்ததும் எங்கிருந்தோ ஆட்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். எதிர்க்கட்சி இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "அணைக்காதிய! எரியட்டும்!" என்று கத்தினார். ஒருவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஆளுக்கு என்ன கவலையோ பாவம்" என்று என்னிடம் விசாரித்தார். இன்னொருவர் விவரமானவர். எப்படியும் எரியத்தானே போகிறது என்று நாலு பனங்கிழங்கைத் தீயின் ஓரத்தில் செருகிவிட்டார்.

வேண்டிய மட்டும் எரிந்த பிறகு அணைத்து, ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். சுட்ட கிழங்கேதான். வெளியே கருகல், உள்ளே வெளேரென்று புது மரம். டீச்சர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

மறுநாள் அலுவலகத்தில் வரைபடம் விரிந்து கிடந்தது. எதிர்க்கட்சி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மரத்தைத் திட்டி அவரைக் கிளப்பிவிட எங்களிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. அப்போது டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"கையெழுத்துப் போடாதலே. எனக்கு மனசு வரல. விடுதிய மூடிருதேன்."

"எதுக்கு மூடணும்?" என்றார் எதிர்க்கட்சி. சரக் சரக்கென்று எல்லாத் தாளிலும் போட்டு முடித்துவிட்டார். வாசலுக்கு வந்ததும் டீச்சர் என் காதில், "வாய்ப்பாட்டையே இவன நான் 'படிக்காதலே'ன்னு சொல்லித்தான் படிக்க வச்சேன்" என்றார்.

மரம் எங்கள் துறைமுகத்துக்கே கப்பலில் வந்து இறங்கியது. விடுதி வளாகத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். காவலுக்கு விடுதியின் வாட்ச்மேன் தண்டல். சரக்குத் தோணிக்குத் தலைவரைத்தான் இங்கே தண்டல் என்போம். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டி ஓய்ந்த மனிதர். அவரிடம் மரத்தை ஒப்படைத்ததில் எனக்குப் பரம நிம்மதி.

காலையில் போய்ப் பார்த்தால் தார்ப்பாய் அழகாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. தண்டல் வாளி வாளியாகக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து மரத்துக்கு அபிஷேகம் செய்துகொண்டிருக்கிறார்.

"பயப்படாதிய தம்பி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் முகம் மலர்ந்து. "காஞ்ச பலகை வெயில்ல வாயப் பொளந்துரும். தோணித் தளத்துக்கு நாங்க தெனமும் இப்படித்தான் ஊத்துவோம்."

ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினேன். இந்த மரத்துக்குத் தண்ணீர்தான் எமன். பாளங்கள் உப்பினால் ஒன்றோடொன்று பொருந்தாது. கப்பலில் மறுபடி வரவழைப்பதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் பிள்ளைகள் மறுபடி மாடிப்படியில். போனில் எதிர்க்கட்சியைப் பிடித்தேன். நடிப்பெல்லாம் மறந்துபோயிருந்தது. "போச்சு அண்ணாச்சி. எல்லாம் போச்சு. நீங்க சொன்னதுதான் சரி. நம்ம ஊருக்கு மரம் ஆகாது. டீச்சர்கிட்ட சொல்லி நிறுத்திருவோம்."

"என்னலே போச்சு? வாரேன், இரு" என்று வைத்துவிட்டார்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஈரம் பார்க்கும் கருவியைப் பாளம் பாளமாகக் குத்திப் பார்த்தார். மேலே கிடந்த இரண்டு பாளங்கள் மட்டும் ஓரத்தில் உப்பியிருந்தன. "இது ரெண்டும் சோத்துக்கூடத்துக்குப் பெஞ்சு. அந்த ரெண்டு சொவத்தையும் சின்னத் துண்டுகள வச்சு ஒப்பேத்திக்கிடலாம். மத்ததுக்கு மேல்தோலுதான் நனைஞ்சிருக்கு. உப்ப நல்ல தண்ணித் துணியால தொடைச்சு, நெழல்ல எடவெளி விட்டு அடுக்கு. ஃபேன் போடு. இதுக்குப் போயி அழுவுதான் பாரு" என்றார். பிறகு தண்டலிடம் திரும்பினார்.

"தண்டலே, இதத் தோணின்னு நெனைக்காதீரும். கருவாடுன்னு நெனச்சுக்கிடும்."

அவ்வளவுதான் சொன்னார். தண்டலுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து வானத்தில் ஒரு மேகத் துணுக்கைக் கண்டாலும் தார்ப்பாயோடு ஓடுவார். தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஒரு நர்ஸை, "ஏளா, ஈரத் தலையோட மரத்துப் பக்கம் வராத!" என்று வாசல் வரை விரட்டிவிட்டார்.

மரம் காய்ந்தது. கிரேன் வந்தது. தெருவே கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மாடியும் அலமாரி பூட்டுகிற மாதிரி பூட்டி ஏறிவிட்டன. சத்தம் எப்படி என்று பார்க்க எதிர்க்கட்சி மேலே பிள்ளைகளை ஆடச் சொல்லிவிட்டு, கீழ் அறையில் மல்லாந்து படுத்துக் காது கொடுத்துக் கேட்டார். "கேக்குதா அண்ணாச்சி?" என்றேன். "ஆட்டமே சரியில்ல" என்றார்.

கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். இரவெல்லாம் காற்றும் மழையும். விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் நான் விடுதிக்கு ஓடினேன். காலியாக விட்ட கீழ்த்தளத்தில் தண்ணீர் தன்பாட்டுக்குப் புகுந்து போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். பிள்ளைகள் எல்லோரும் ஒரு சொட்டு நனையாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்கட்சி எனக்கு முன்பே வந்து ஒரு தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இடுப்பு வரை நனைந்திருந்தார். சட்டையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார். ஒரு காலில் தோல் செருப்பு, மறு காலில் ரப்பர் செருப்பு.

தண்டல் விரட்டிய அந்த நர்ஸ் அவருக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். "ராத்திரியெல்லாம் பயந்துட்டியளா அண்ணாச்சி?"

"நானா?" என்றார். "இல்லியே. நான் நல்லாத் தூங்குனேன்."

எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம். செருப்பைப் பற்றிய கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. டீச்சர்தான் கண்ணால் அடக்கினார்.

"சரிலே" என்றார் டீச்சர். "டீ ஆறுது, குடி."

அந்த ஓர் 'இல்லை'யை எதிர்க்க அங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.