உதவி மேனேஜருக்கு ஒரு பரிகாரம்

எது நடந்தாலும் அந்த ஓட்டல் வாசலை மிதிப்பதில்லை என்று பா செய்ன் முடிவு செய்தார். அப்போது மாலை மணி நான்கு. முப்பதாவது திருமண நாளுக்கு அங்கே ஓர் இரவு தங்க அறை பிடித்திருப்பதாகச் சிங்கப்பூரிலிருந்து மகள் சொல்லி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

ரங்கூன் ஆற்றங்கரையில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஓட்டல். "அங்கே நான் உதவி மேனேஜர்" என்று சொல்லித்தான் அவர் பெண் கேட்டார். மரக்கிடங்கு அதிகாரியான மாமனார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று முதல் வீட்டில் அவர் மேனேஜர்தான். மனைவி மா கின் தேநீர்க் கோப்பையை வைத்தால், ஓட்டலில் அதன் பிடி எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்வார். படுக்கை விரித்தால், மூலையைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வார். மீன் குழம்பில்கூட ஓட்டல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டலில் அவர் இருந்தது உண்மை. மாடிப்படிக்கு அடியில், இரண்டு வருஷம், விருந்தாளிகளின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு. அந்த நாளில் வாசல்காவலாக நின்ற கோ ஞோ இன்னும் அதே வாசலில் நிற்பதாகக் கேள்வி. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முப்பது வருஷ மேனேஜர் பதவி போய்விடும்.

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஜோசியர் வீட்டுக்கு ஓடினார். திங்கள்கிழமை பிறந்தவள் ஆற்றங்கரை வெள்ளைக் கட்டடத்தில் தூங்கினால் ஆகாது என்று மா கின்னிடம் சொல்லச் சொன்னார். மா கின் போய்க் கேட்டபோது ஜோசியரும் அப்படியே சொன்னார்.

மா கின் கவலையே இல்லாமல் திரும்பி வந்தாள்.

"தோஷம் இருக்காம்."

"அடடா. போக வேண்டாம், மா கின். உன் உயிரைவிட ஓட்டலா பெரிசு?"

"பரிகாரமும் இருக்காம். கிளம்புங்க."

பா செய்ன் உட்கார்ந்துவிட்டார். பரிகாரம் இல்லாத தோஷத்தை எந்த பர்மாக்காரனாவது கேட்டதுண்டா? அதைச் சொல்லாதே என்று ஜோசியரிடம் சொல்ல மறந்துபோனார்.

பரிகாரம் இதுதான்: அந்தக் கட்டடத்து வாசலில், ஒன்பது பேர் பார்க்க, புருஷன் தன் கையாலேயே பெண்டாட்டியின் செருப்பைத் துடைக்க வேண்டும். கொடியில் காயும் பெண்கள் துணிக்குக் கீழே நடந்தாலே தன் ஆண் மகிமை போய்விடும் என்று சுற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். மாட்டேன் என்றார். அப்படியானால் தோஷத்தோடு தூங்கிச் சாகிறேன் என்று மா கின் பெட்டியை எடுத்தாள்.

ஓட்டல் வாசலில் ஒன்பது பேருக்குக் குறைவில்லை. மா கின் தோல் செருப்பைக் கழற்றி வைத்தாள். பா செய்ன் குந்தினார். கண்ணை மூடிக்கொண்டு துணியை எடுத்தார். ஆனால் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. துணியின் இரண்டு முனையைப் பிடித்து, குறுக்கே சரக் சரக்கென்று இழுத்து, கடைசியில் ஒரு சொடுக்குச் சொடுக்கியது. வலது செருப்பில் விளக்கு தெரிந்தது.

மேலேயிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. "செய்ன், நீயாடா? கை மறக்கலையே. மாடிப்படிக்கு அடியில உன் முக்காலி இன்னும் கிடக்குது."

கோ ஞோ.

பா செய்ன் நிமிரவில்லை. நிமிர்ந்து எங்கே பார்ப்பது? குனிந்தபடியே ஜோசியரை முணுமுணுவென்று திட்டினார்.

"அவரை ஏன் திட்டறீங்க?" என்றாள் மா கின். "உங்க வாழைப்பழத்துக்கு அவர் தோஷம் மட்டும்தான் சொன்னார். பரிகாரம் நான் யோசிச்சது."

"அப்போ உனக்கு... எப்பத்திலேருந்து தெரியும்?"

"பெண் பார்க்க வந்த அன்னிக்கே. எங்கப்பா உங்களுக்குத் தலையாட்டினது எதுக்குன்னு நினைச்சீங்க? இந்த ஓட்டல்ல அவர் ஷூவுக்கு நீங்க போட்ட பாலிஷ் ஒரு மாசம் போகலையாம். பொறுப்பான பையன்னு சொன்னார்."

"முப்பது வருஷமா ஏன் சொல்லலை?"

மா கின் வெறுங்காலால் மற்ற செருப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"எல்லாரும் பார்க்கறாங்க, மேனேஜர். இடது செருப்பு பாக்கி இருக்கு."