கேப்டனுக்கு மீசை முளைத்த பக்கம்

"சுறாமீன் முழுங்குன ஆளு அடுத்த பக்கத்துல ஒட்டகத்து மேல வாரான். அதுவும் மீசையோட. எழுத்தாளனுக்குப் புத்தி பிசகாம இது எப்படி வே நடக்கும்?" என்று கோமதிசங்கர் கேட்டதும் சிவசண்முகத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

தச்சநல்லூர் காமிக்ஸ் வாசகர் வட்டம் என்பது ஆறு நடுத்தர வயதுக்காரர்கள். பெண்டாட்டி பிள்ளை, அரசாங்க உத்தியோகம், லேசான தொந்தி எல்லாம் உண்டு. ஞாயிறுதோறும் கோமதிசங்கர் வீட்டு மாடியில் கூடி, உலகத்தில் வேறு யாருக்கும் வராத கவலைகளைப் படுவார்கள்.

ஆறு மாதமாக ஒரே கவலைதான். மின்னல்தாசன் எழுதிய முதல் காமிக்ஸ் 'ஆழ்கடல் ஆணை'. அதில் கேப்டன் தாமோதர் சுறாவின் வாய்க்குள் போகிறார். பக்கத்தைப் புரட்டினால் பாலைவனம், ஒட்டகம், மீசை. எட்டுப் பக்கம் கழித்து மறுபடி கடல், மழித்த முகம். நடுவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

ஊரிலேயே ஒரே பிரதி சிவசண்முகத்தினுடையதுதான். பேட்டையில் பழைய பேப்பர் கடையில் கட்டோடு எடுத்தது. எது கிடைத்தாலும் அவர் உடனே படிக்க மாட்டார். அலமாரியில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொடுவார். மற்ற ஐந்து பேரும் கை கழுவிவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து படித்தவர்கள்.

"தண்ணிக்குள்ள சாகப்போறவன் மனசு எங்க போவும்? தண்ணியில்லாத எடத்துக்குப் போவும். அது அவன் வைக்கணும்னு நெனைச்சு வைக்காமப் போன மீசை வே," என்றார் சிவசண்முகம்.

கோமதிசங்கர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. எழுத்தாளரையே வரவழைத்துக் கேட்பது, தோற்றவன் தன் காமிக்ஸ் பெட்டியை ஜெயித்தவனிடம் கொடுத்துவிடுவது என்று சிவசண்முகம் சபையில் பந்தயம் கட்டிவிட்டார்.

மதுரையிலிருந்து மின்னல்தாசன் வருவதாகப் பதில் போட்டார். அதற்கப்புறம்தான் சிவசண்முகத்துக்கு அந்த யோசனை வந்தது. 'அது ஆரம்பகாலத் தப்பு' என்று அந்த மனுஷர் உண்மையைச் சொல்லித் தொலைத்தால்? பள்ளிக்கூட நாளிலிருந்து பசி கிடந்து சேர்த்த பெட்டி அது. கோமதிசங்கர் வீட்டுப் பரணில் அதை நினைத்துப் பார்க்கவே அவரால் முடியவில்லை.

ஆகவே எழுத்தாளரை லாட்ஜில் விடாமல் தன் வீட்டிலேயே இறக்கினார். மனைவி ஆவுடைத்தாயிடம் சொல்லி தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதிக் குழம்பு வைத்து, இஞ்சிப் பச்சடியோடு பரிமாறச் செய்தார். மூன்றாம் முறை சோறு விழுந்ததும் பைய ஒட்டகப் பேச்சை எடுத்தார்.

எழுத்தாளர் விழித்தார். நூறு கதைக்கு மேல் எழுதிவிட்டாராம், ஒட்டகம் வைத்து ஒன்றுகூட எழுதிய நினைவில்லையாம்.

போச்சு. புத்தகத்தைக் காட்டுவதைத் தவிர வழியில்லை. சிவசண்முகம் அலமாரியைத் திறந்தபோது அடுக்களையிலிருந்து ஆவுடைத்தாய் அவசரமாக வந்தாள்.

"சாப்ட்ட கையோட எதுக்கு அதெல்லாம்? சாரு செத்த படுத்து எந்திரிக்கட்டுமே."

அவளுக்குக் காமிக்ஸின் அருமை தெரியாது என்று சிவசண்முகம் ஒரு முறை முறைத்தார். எழுத்தாளர் படித்தார். சுறாவிடம் நின்றார். ஒட்டகத்திடம் ரொம்ப நேரம் நின்றார். நூல் தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மோர் கேட்டு அடுக்களைப் பக்கம் நடந்தார். சிவசண்முகம் வியர்த்துப்போய் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

மாலையில் மாடி நிறைந்திருந்தது. மின்னல்தாசன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"என் ஆரம்பகாலக் கதைகள்ல பிழை ஏராளம். அதை நானே ஒத்துக்கிறேன். ஆனா அந்த எட்டுப் பக்கத்துல மட்டும் ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

"அந்த மீசை?" என்று கோமதிசங்கர் தீனமாகக் கேட்டார்.

"அது என் கையை மீறி வந்ததுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கலை என்பதே கையை மீறி வருவதுதான் என்று ஒருவர் கண் கலங்கினார்.

எழுத்தாளரை பஸ் ஏற்றிவிட்டு சிவசண்முகம் வீடு திரும்பியதும், கோமதிசங்கர் தகரப் பெட்டியைத் தானே சுமந்து வந்து இறக்கினார். துண்டால் மூடியைத் துடைத்தார். "கரையான் வந்துரும், வேப்பெல போட்டு வையும் வே," என்றவர், காப்பி வேண்டாமென்று திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சிவசண்முகம் பெட்டியைத் திறக்கக் குனிந்தார்.

"அத அந்த அண்ணாச்சிட்டயே குடுத்துருங்க. பாவமா இருக்கு," என்றாள் ஆவுடைத்தாய்.

"எதுக்கு? எழுதுன மனுசனே சபையில சொல்லிட்டாருல்லா?"

ஆவுடைத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் புஸ்தகம் வந்த அன்னைக்கே அதுல சொதி கொட்டிட்டு. நீங்க வைவீயன்னு, நனைஞ்ச தாளக் கிழிச்சுப் போட்டுட்டு, அதே பேப்பர் கட்டுல கெடந்த வேற கதைத் தாள உள்ள வச்சுத் தச்சுட்டேன். சாரு மோர் குடிக்க வந்தப்பவே என்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாவ. 'மொத்தக் கதையில அந்த எட்டுப் பக்கந்தாம்மா உருப்படி, வெளிய சொல்லிராதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ."